மறுபடியும் வந்துருச்சா? மனசை விட்டுடாதீங்க!

சோழவந்தான் பக்கத்தில் ஒரு கொடிக்கால் விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டியவர். காலையில் வெற்றிலை கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கி, மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிறார். மார்கழி மாதம். குளித்துவிட்டுத் துண்டால் துவட்டும்போது மனைவி கண்ணில் அது படுகிறது.

"ஏங்க, இங்க திரும்புங்க. முழங்கையில மறுபடியும் வெள்ளையா செதில் விடுதே..."

அவர் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பத்து நாளாகவே தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை.

"போன வருஷம் மதுரைக்கு அலைஞ்சு அலைஞ்சு பார்த்ததெல்லாம் வீணாப் போச்சா?"

இந்த ஒரு கேள்வியில்தான் பாதிப் பேர் தடுமாறிப் போகிறார்கள். 'இந்த டாக்டர் சரியில்லை' என்று அடுத்தவரிடம் ஓடுகிறார்கள். 'இங்கிலீஷ் மருந்து அமுக்கத்தான் செய்யும்' என்று யாரோ சொல்ல, பெயர் தெரியாத பொடியை வாங்கி விழுங்குகிறார்கள். 'மூன்றே மாதத்தில் நிரந்தர குணம்' என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கையிலிருக்கும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். கடைசியில், 'நமக்கு விதிச்சது இவ்வளவுதான்' என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சொரியாசிஸ் திரும்பி வந்தது என்றால், செய்த வைத்தியம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. திரும்பி வருவது அந்த நோயின் குணம். அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால், அதைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழலாம்.

28 நாள் வேலை 4 நாளில்!

நம் தோல் சும்மா இருப்பதில்லை. அடியிலிருந்து புதிய செல்கள் பிறந்து, மெல்ல மெல்ல மேலே வந்து, காய்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு செல் இப்படி மேலே வந்து உதிரச் சுமார் 28 நாட்கள் ஆகும்.

சொரியாசிஸ் வந்த இடத்தில் இதே வேலை மூன்று முதல் ஐந்து நாட்களில் நடந்துவிடுகிறது. வந்த செல் உதிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளி நிறத்தில் செதில் செதிலாகத் தெரிகிறது. அடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவந்து தடிக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு, கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கருப்பாகவோ தெரியும்.

ஏன் இந்த அவசரம்? நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, எதிரி யாரும் இல்லாதபோதும் 'சண்டைக்கு வா' என்று தோலைத் தூண்டிவிடுவதால்தான். ஆக, இது தோலில் தெரிகிற நோயே தவிர, தோலில் அழுக்குச் சேர்ந்து வந்த நோய் அல்ல. 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்பதும் சரியல்ல.

முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்பக்கம் ஆகியவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். சிலருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் வெடித்து வலிக்கும். நகத்தில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழலாம். தலையில் வந்தால் பலர் 'பொடுகு' என்று நினைத்து, வருடக்கணக்கில் ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தொட்டால் ஒட்டுமா?

ஒட்டாது. கையைப் பிடித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டால் துவட்டினாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டவே ஒட்டாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? உடம்பில் எது வந்தாலும் அதை அம்மையோடு சேர்த்துப் பார்த்த ஊர் நம் ஊர். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தாலே, அம்மையின் பயம் எத்தனை தலைமுறையாக நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்று புரியும். அம்மை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் கிருமி நோய். அதனால் வீட்டில் ஒதுக்கிவைத்தார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. சொரியாசிஸில் கிருமியே இல்லை. ஒதுக்கிவைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இன்னொரு பயம் தொழுநோய். இதுவும் பழைய குழப்பம்தான். உலகம் முழுவதுமே நூற்றாண்டுகளாக இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். வியன்னாவில் இருந்த ஹீப்ரா என்ற தோல் மருத்துவர் 1841-ல் 'இது வேறு, அது வேறு' என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தொழுநோயின் தேமலில் உணர்ச்சி குறையும். சொரியாசிஸ் படையில் உணர்ச்சி இருக்கும், அரிக்கும், எரியும். தொழுநோய்க்கும் இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக மருந்து உண்டு, பூரணமாகக் குணமும் ஆகிறது. அதனால் எது என்று தெரிந்துகொள்ள டாக்டரிடம் போக யாரும் பயப்பட வேண்டாம்.

ஏன் அதே இடத்தில் திரும்ப வருகிறது?

வயலில் கோரைப்புல்லை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே அறுத்துவிட்டால் தரை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு மழை பெய்தால் போதும், பழைய இடத்திலேயே தலையை நீட்டும்.

சொரியாசிஸும் அப்படித்தான். மருந்தால் படை மறைந்து தோல் பளிச்சென்று ஆன பிறகும், அந்த இடத்தில் எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த சில செல்கள் தங்கிவிடுகின்றன. இவற்றை 'நினைவுச் செல்கள்' என்கிறார்கள். பழைய சண்டையை மறக்காத செல்கள். பல வருடம் கழித்தும், ஏதாவது ஒரு தூண்டுதல் கிடைத்தால் அதே முழங்கையில், அதே முழங்காலில் சண்டையை மறுபடி ஆரம்பித்துவிடும்.

இந்தச் செல்களை அடியோடு துடைத்தெறிய இன்றைக்கு மருந்து கிடையாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2014-ல் நிறைவேற்றிய தீர்மானத்தில், இது நாள்பட்ட, தொற்றாத நோய், முழுக் குணம் தரும் மருந்து இல்லாத நோய் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 'வேரோடு எடுத்துவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால், உலகத்துக்கே தெரியாத ஒன்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பயந்துவிடாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கூட 'வேரோடு' மருந்து கிடையாது. அவற்றோடு எத்தனை பேர் எண்பது வயது வரை நடமாடுகிறார்கள்! சொரியாசிஸ் பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தலைகாட்டாமல் இருக்கும். அந்த நல்ல காலத்தை எப்படி நீட்டிப்பது என்பதுதான் விஷயம்.

எது கிளப்பிவிடுகிறது?

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. ஆனாலும் பொதுவாகச் சில காரணங்கள் உண்டு.

*காயம்.* ஜெர்மனியைச் சேர்ந்த கோப்னர் என்ற மருத்துவர் 1870-களிலேயே இதைக் கவனித்துச் சொன்னார்: காயம் பட்ட இடத்தில் புதிதாகச் சொரியாசிஸ் முளைக்கும். கொடிக்காலில் அகத்திக் குச்சி கீறுவது, கரும்புத் தோகை அறுப்பது, செருப்பு கடிப்பது, ஏன், அரிக்கிறது என்று நாமே நகத்தால் வறட்டு வறட்டென்று சொறிவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். குளிக்கும்போது செதிலைப் பீர்க்கங்கூடால் தேய்த்து எடுக்கிறவர்கள் தாங்களே நோயை வளர்க்கிறார்கள்.

*தொண்டைப் புண்.* குழந்தைகளுக்கும் இளவயதுக்காரர்களுக்கும் காய்ச்சலோடு தொண்டை வலி வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பெங்கும் மழைத்துளி தெறித்ததுபோல் சின்னச் சின்னப் படைகள் வரலாம். தொண்டை வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

*குளிரும் வறட்சியும்.* மார்கழி, தை மாதங்களில் தோல் வறண்டால் பலருக்கு அதிகமாகும்.

*மனக் கவலை.* மகள் கல்யாணம், கடன், வீட்டில் ஒரு சாவு. இவற்றுக்குப் பிறகு நோய் கிளம்பியது என்று நோயாளிகள் சொல்வது வெறும் கற்பனை அல்ல.

*குடி, புகை, உடல் பருமன்.* மூன்றும் நோயைக் கூட்டும். மருந்தின் வேலையையும் கெடுக்கும்.

*வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மருந்துகள்.* மனநோய்க்குத் தரும் லித்தியம், ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் வகை, மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின் ஆகியவை சிலருக்குத் தூண்டிவிடும். அதற்காக நீங்களே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. 'டாக்டர், இந்த மாத்திரையும் சாப்பிடுகிறேன்' என்று சீட்டைக் காட்டுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

சிகிச்சை: படிப்படியாக

உங்கள் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்தால், அது உங்கள் உடம்பின் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். எத்தனை உள்ளங்கை அளவுக்குப் படை இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதை வைத்துத்தான் டாக்டர் சிகிச்சையை முடிவு செய்வார்.

முதல் படி, தோலைக் காயவிடாமல் வைப்பது. குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவ வேண்டும். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண வாசலின் போதும். நம்மூர்த் தென்னந்தோப்பில் கிடைக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயும் போதும். இது நோய் மறைந்த காலத்திலும் விடாமல் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது படி, மருந்துக் களிம்புகள். செதிலை இளக்க சாலிசிலிக் ஆசிட், வளர்ச்சியை மட்டுப்படுத்தத் தார் கலந்த மருந்து, அழற்சியைக் குறைக்க ஸ்டீராய்டு களிம்பு, வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் என்று பல உண்டு. ஆள்காட்டி விரலின் நுனிக் கோடு வரை டியூபிலிருந்து பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும்.

மூன்றாவது படி, ஒளிச் சிகிச்சை. புற ஊதாக் கதிரில் 311 நானோமீட்டர் என்ற குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் பிரித்து, ஒரு பெட்டிக்குள் நிற்கவைத்துக் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சில மாதங்கள் போக வேண்டியிருக்கும். 'நான்தான் நாள் முழுக்கத் தோட்டத்தில் கிடக்கிறேனே, வெயில் போதாதா?' என்று கேட்கலாம். கொடிக்காலுக்குள் நிழல்தான் அதிகம்! இளவெயில் கொஞ்ச நேரம் படுவது பலருக்கு நல்லது செய்யும். ஆனால் உச்சி வெயிலில் தோல் வெந்துபோனால், அதுவே காயமாகி நோயைக் கிளப்பும்.

நான்காவது படி, மாத்திரைகள். இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது.

வாரத்துக்கு ஒரே நாள்!

சொரியாசிஸ் அதிகமாக உள்ளவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, பலன் அதிகம். இதன் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கே லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய குழு 1940-களில் உருவாக்கிய மருந்துகளில் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அடக்கம். ரத்தப் புற்றுநோய்க்காகத்தான் முதலில் கொடுத்தார்கள். 1951-ல் குப்னர் என்ற அமெரிக்க டாக்டர், மூட்டு வலிக்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது ஒரு நோயாளியின் சொரியாசிஸ் மறைவதைக் கண்டார். அதிலிருந்து வழி பிறந்தது. 1972-ல் அமெரிக்காவில் மெத்தோட்ரெக்சேட்டைச் சொரியாசிஸுக்குக் கொடுக்க முறைப்படி அனுமதி கிடைத்தது.

இப்போது கவனியுங்கள். சொரியாசிஸுக்கு இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. 'காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டு, ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். காரணம் கவனக்குறைவுதான்.

அதனால் ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். 'செவ்வாய் மாத்திரை' என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால், அட்டையை மருமகளோ பேரனோ வைத்திருந்து அந்த நாளில் மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் இரண்டு மடங்காகப் போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை 'இது சத்து மாத்திரைதானே' என்று விட்டுவிடாதீர்கள். பக்க விளைவைக் குறைக்கத்தான் அதைத் தருகிறார்கள். டாக்டர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மது அறவே கூடாது. கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் தம்பதி, கணவனோ மனைவியோ யார் சாப்பிட்டாலும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், சளி என்று வேறு டாக்டரிடம் போகும்போது இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள் இதனோடு சேர்ந்தால் ஆபத்து. வாய்ப்புண், விடாத காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்தக் கசிவு எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சட்டென்று மறைத்தால் சந்தேகப்படுங்கள்

ஒரு ஊசி போட்டார், ஒரு வாரத்தில் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால், அது ஸ்டீராய்டாக இருக்கலாம். வாய்வழியாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு கொடுத்தால் சொரியாசிஸ் வேகமாக அடங்கும். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு உடம்பு முழுவதும் சீழ்க் கொப்புளம் வெடிக்கும். சிலருக்குத் தலை முதல் கால் வரை சிவந்து தோல் உரியும். இரண்டுமே உயிருக்கு உலை வைக்கும் நிலைமை. லேபிள் இல்லாத பொடியிலும் மாத்திரையிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சாப்பிடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் பெரிய அபாயம்.

களிம்பில் உள்ள ஸ்டீராய்டு வேறு. அளவாகப் பயன்படுத்தினால் நல்ல மருந்து. ஆனால் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் தடவினால் தோல் காகிதம்போல் மெலிந்துவிடும். முகம், தொடை இடுக்கு போன்ற மெல்லிய இடங்களில் வீரியமான களிம்பு கூடவே கூடாது. இந்தியாவில் 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது இதனால்தான்.

சித்த மருத்துவம்?

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துச் செய்யும் ஊதா நிறத் தைலத்தை நம் பக்கத்தில் பலர் அறிவார்கள். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அந்த வழியில் போக விரும்பினால், முறைப்படி படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள். இரண்டு பக்கமும் மருந்து சாப்பிட்டால், இரண்டு டாக்டர்களிடமும் அதைச் சொல்லுங்கள். மறைத்தால் நஷ்டம் உங்கள் ஈரலுக்குத்தான்.

புது ஊசிகள்

கடந்த இருபது ஆண்டுகளில் 'பயலாஜிக்ஸ்' என்ற ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. எதிர்ப்பு சக்தி முழுவதையும் அடக்காமல், சண்டைக்குத் தூது போகும் குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடித்து நிறுத்துபவை. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் ஐடோலிசுமாப் என்ற மருந்து 2013-ல் சொரியாசிஸுக்காக இந்தியாவில் அனுமதி பெற்றது. மற்ற மருந்துக்கு அசையாத படை கூட இந்த வகை ஊசிகளுக்கு அடங்குகிறது. ஆனால் செலவு அதிகம். ஆரம்பிப்பதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் காசநோயை இவற்றில் சில எழுப்பிவிடும். இந்த ஊசியை நிறுத்தினாலும் நோய் திரும்பலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

தோலோடு நிற்பதில்லை

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லையா? அரை மணி நேரம் கழித்துத்தான் இளகுகிறதா? குதிகால் வலிக்கிறதா? விரல் ஒன்று முழுதாக வீங்கியிருக்கிறதா? சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படும். 'வயசாச்சு, வேலை அதிகம்' என்று தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். கையால் பிழைக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய், மனச்சோர்வு ஆகியவையும் இவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகின்றன. வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

திண்டுக்கல் - மதுரை ரயில் பாதையில் இருக்கும் சோழவந்தானிலிருந்து மதுரை எட்டிப்பிடிக்கும் தூரம்தான். நம்மவர்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒருநாள் கூலி போகுமே என்று தயங்காதீர்கள். அரைகுறை வைத்தியத்துக்கு அலைகிற கூலியைக் கணக்குப் பார்த்தால் அதைவிட அதிகம்.

போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப் போங்கள். எந்த மாதம் கிளம்பியது, அதற்கு முன் காய்ச்சல் வந்ததா, என்ன கவலை, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள். இரண்டு வருடம் எழுதினால், உங்களைக் கிளப்பிவிடுவது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாம் ஆரம்பத்தில் பார்த்த கொடிக்கால்காரரின் நோட்டு எப்படி இருக்கும்? 'வைகாசித் திருவிழாவுக்கு முன்னாடி சுத்தமாப் போச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன். டாக்டரைக் கேட்கலை. எண்ணெய் தடவுறதையும் விட்டாச்சு. கார்த்திகையில் கால்ல கீறல். மார்கழியில் வந்துருச்சு.' பார்த்தீர்களா? வைத்தியம் தோற்கவில்லை. பாதியில் நின்றுபோயிருக்கிறது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் கூட வைத்தியத்தில் ஒரு பகுதிதான். அதை டாக்டர் கையில் விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

சொரியாசிஸ் வந்தவர் சொறிவதைவிட அதிகமாக மறைக்கிறார். முழுக்கைச் சட்டை போடுகிறார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் நழுவுகிறார். சலூனில் 'தலையில என்ன?' என்று கேட்பார்களே என்று முடி வெட்டுவதைத் தள்ளிப்போடுகிறார். அவர் உதிர்த்த செதிலைப் பெருக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். முதுகில் எட்டாத இடத்துக்குக் களிம்பை நீங்கள் தடவிவிடுங்கள். கை படுகிற அந்த ஒரு நிமிடம், 'உன்னை ஒதுக்கவில்லை' என்று சொல்கிற மருந்து.

மனைவி கேட்டாரே, 'அலைஞ்சதெல்லாம் வீணாப் போச்சா?' என்று. வீணாகவில்லை. அந்த ஏழு மாதமும் அவர் அரிப்பில்லாமல் தூங்கினார், திருவிழாவில் சட்டையில்லாமல் நின்றார். அதே மாதிரி மாதங்களை மறுபடியும் சம்பாதிக்கலாம். அடுத்த முறை இன்னும் நீளமாக!

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*கத்திரிக்காய், கருவாடு, மீன் எல்லாம் கரப்பான் பண்டம், விட்டுவிட வேண்டுமா?*

எல்லோருக்கும் பொதுவாக விலக்க வேண்டிய உணவு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு பண்டம் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அதிகமாகிறது என்றால் அதை மட்டும் தவிருங்கள். எல்லாவற்றையும் பத்தியம் என்று தள்ளினால் உடம்பு சத்தில்லாமல் போகும். குண்டாக இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் நோயும் குறைகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது.

*எனக்கு இருக்கிறது. என் பிள்ளைகளுக்கும் வருமா?*

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் இருந்தால் வாய்ப்பு கூடும்.

*மகளுக்கு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, மறைப்பதா?*

சொல்லிவிடுங்கள். முடிந்தால் இருவரையும் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போய் அவர் வாயாலேயே 'ஒட்டாது' என்று கேட்கவையுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால், அந்தப் பெண் மருந்தையும் மறைத்துத்தான் சாப்பிட வேண்டும், கடைசியில் நிறுத்திவிடுவாள். மாத்திரை சாப்பிடும் பெண்ணாக இருந்தால், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது கட்டாயம். சில மாத்திரைகளை நிறுத்திய பிறகும் நெடுநாள் காத்திருக்க வேண்டும். அசிட்ரெட்டின் என்ற மாத்திரைக்கு அந்தக் காலம் மூன்று வருடம்.

*உடம்பெல்லாம் சிவந்துவிட்டது, குளிர் நடுங்குகிறது. நாளைக்குப் போகலாமா?*

நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே, இப்போதே போங்கள். உடம்பு முழுவதும் சிவந்து உரிவதும், காய்ச்சலோடு சீழ்க் கொப்புளங்கள் கிளம்புவதும் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசர நிலை.